அம்மாவே வேண்டாம் என்று சொன்ன பை: திட்டத்தை விட்டுவிடலாமா?

ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கோவையில் ப்ராடக்ட் டிசைன் இறுதியாண்டு படிக்கிறேன். சொந்த ஊர் கோத்தகிரிப் பக்கம். அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை.

இறுதித் திட்டமாகக் கொழுந்து சுமக்கும் பையை எடுத்துக்கொண்டேன். மலையேறுபவர்களின் முதுகுப்பையைப் பார்த்து, அலுமினியக் குழாயில் சட்டமும் இடுப்புப் பட்டையும் வைத்துச் செய்தேன். சட்டம் மட்டும் 3 கிலோவுக்கு மேல். அம்மா போட்டுப் பார்த்துவிட்டு, "செடியில மாட்டுதும்மா, பழைய பையே போதும்" என்று கழற்றி வைத்துவிட்டார். பிறகு நான் அதைத் தொடவில்லை. மழை அங்கி செய்யலாம் என்று மாறினேன், உள்ளே வியர்த்துக் கொட்டியது. இப்போது கொழுந்து வெட்டும் கத்தரியோடு பொருத்தும் பெட்டி ஒன்றை வரைந்துகொண்டிருக்கிறேன். மூன்றுமே அரைகுறை. ஒப்படைக்க 14 வாரம்தான் இருக்கிறது.

வகுப்பில் மற்றவர்கள் மின்சார ஸ்கூட்டர், ஸ்மார்ட் வாட்ச் என்று செய்கிறார்கள். என் தலைப்பு ரொம்ப சாதாரணமாக இருக்கிறது என்கிறார் வழிகாட்டி. மலை வேலைக்கான கருவிகள் செய்யும் சிறு பட்டறை ஒன்றைக் கோத்தகிரியில் தொடங்க வேண்டும் என்பது என் ஆசை. அப்பா பெங்களூரில் வேலைக்குப் போகச் சொல்கிறார், வழிகாட்டி எம்.டெஸ். (வடிவமைப்பில் முதுநிலைப் படிப்பு) படிக்கச் சொல்கிறார். என் வேலைகளைத் தொகுத்த போர்ட்ஃபோலியோவைத் திறந்தாலே நெஞ்சை அடைக்கிறது. இரவு இரண்டு மணி வரை தூக்கம் இல்லை. எனக்குத் திறமையே இல்லையோ? எந்தத் திட்டத்தை வைத்துக்கொள்வது?

– கோத்தகிரி வாசகி (21)

அன்புள்ள கோத்தகிரி வாசகிக்கு,

முதலில் தூக்கம். இரவு பத்து மணிக்கு மேல் போர்ட்ஃபோலியோ கோப்பைத் திறக்காதீர்கள். அந்த நேரத்தில் நீங்கள் அதில் வேலை செய்வதில்லை, உங்களுக்கே தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். காலையில் எழும் நேரத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டால் தூக்கம் தானாக முன்னே நகரும். இரண்டு வாரம் கடந்தும் தூக்கமின்மையோ நெஞ்சடைப்போ தொடர்ந்தால், பசி குறைந்து எதிலும் நாட்டமில்லாமல் போனால், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் பேசுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

இனித் திறமை பற்றி. உங்கள் பையும் மழை அங்கியும் ஒரே இடத்தில்தான் நின்றிருக்கின்றன. செய்த பொருள் ஒரு மனித உடம்பைத் தொட்டது, உடம்பு ஏதோ சொன்னது, நீங்கள் வேறு தலைப்புக்குப் போய்விட்டீர்கள். திறமை இல்லாதவர் அந்த இடம் வரைகூட வருவதில்லை. பை வேண்டாம் என்ற சொல்லை 'நீ வேண்டாம்' என்று உங்கள் மனம் கேட்டுவிட்டது. சொன்னவர் அம்மா என்பதால் வலி இன்னும் கூடியிருக்கும். ஆனால் 'செடியில் மாட்டுகிறது' என்பது ஒரு பொருளைப் பற்றிக் கிடைக்கக்கூடிய மிகத் துல்லியமான குறிப்புகளில் ஒன்று. கல்லூரி நடுவர்கள் யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே பையையே வைத்துக்கொள்ளுங்கள். மழை அங்கியும் கத்தரிப் பெட்டியும் ஒரு உறைக்குள் போகட்டும்.

மலையேறுபவரின் பையிலிருந்து தொடங்கியதுதான் சிக்கல். கண்முன் ஒரு மாதிரி இருந்தால் அதன் குறைகளையும் சேர்த்தே நகலெடுப்போம். வடிவமைப்பாளர்களிடம் இந்தப் பழக்கம் இருப்பதை ஜேன்சனும் ஸ்மித்தும் 1991இல் சோதனை மூலம் காட்டினார்கள். மலையேறுபவர் காலையில் பையை மாட்டினால் மணிக்கணக்கில் கழற்றுவதில்லை, பாதையில் நேராக நடக்கிறார். உங்கள் அம்மா செடி வரிசைக்குள் பக்கவாட்டில் நகர்கிறார், குனிகிறார், எடை போடும்போதெல்லாம் பையை இறக்குகிறார். இடுப்பில் சுற்றிய தார்ப்பாய் ஈரமாக இருக்கும்போது இடுப்புப் பட்டை அதன்மேல் வழுக்கும். பதினைந்து கிலோ சுமப்பவருக்குச் சட்டத்தின் 3 கிலோ கூலி கிடைக்காத எடை. இவற்றில் எதுவும் உங்கள் வரைபடத்தில் தெரிந்திருக்காது.

முதல் வாரம் எதையும் செய்யாதீர்கள், அளந்தால் போதும். வரிசைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பத்து இடங்களில் அளந்து, மிகக் குறுகியதை எழுதி வையுங்கள். சராசரியை வைத்துச் செய்தால் பாதி இடங்களில் மாட்டும். செடியின் உயரம், அம்மாவின் தோள் அகலம், நிறைந்த பையின் கனம் ஆகியவற்றையும் குறியுங்கள். கனத்துக்குக் கொக்கியில் தொங்கவிடும் சிறு தராசு போதும். பிறகு பேசாமல் நின்று பாருங்கள். நிறைந்த பையைத் தரையிலிருந்து தூக்கும்போது அதிகம் சிரமப்படுகிறாரா, சரிவில் நடக்கும்போதா? பெரும்பாலும் சுமப்பதைவிடத் தூக்குவதுதான் முதுகைப் பிடிக்கும். அப்படியென்றால் உங்கள் வேலை சட்டம் செய்வது அல்ல. பையை உட்கார வைக்கவும், முழங்கால் மடக்கி எழும்போது பிடித்துக்கொள்ளவும் வழி செய்வது.

அடுத்த நான்கு வாரம் சாக்கிலும் பழைய போர்வையிலும் தைத்த மலிவு மாதிரிகள் மட்டும். ஒரு மாதிரி ஒரே நாளில் முடிய வேண்டும். அதிக நாள் உழைத்தால் அதன்மேல் பாசம் வந்துவிடும், அப்புறம் வெட்ட மனம் வராது. சோதிக்க மணல் மூட்டை வைக்காதீர்கள். மணல் அடியில் தங்கும், இலையோ பை முழுதும் பரவிப் பாரத்தை முதுகிலிருந்து வெளியே தள்ளும். எடை போட்டு முடிந்ததும் அம்மாவின் இலையையே கொஞ்ச நேரம் கேட்டு வாங்குங்கள். முதலில் 5 கிலோ, பிறகு 10, பிறகு 15. ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம்.

பக்கங்களில் வலைத்துணி இருக்கட்டும். காற்றுப் போகாமல் இறுக்கி அடைத்த கொழுந்து சூடேறிச் சிவக்கும், தொழிற்சாலையில் தரம் குறையும். முதுகுக்கு இதமான பை இலையைக் கெடுத்தால் அதை யாரும் தொட மாட்டார்கள். தோள் நாடாவுக்குக் கார் சீட் பெல்ட் பட்டை நல்லது, ஏறத்தாழ 48 மி.மீ. அகலம், தோளை அறுக்காது. ஆனால் வழுவழுப்பானது, கொக்கியில் நழுவும் என்பதால் நீளத்தைச் சரிசெய்யும் இடத்தில் சொரசொரப்பான நாடாவைச் சேர்க்க வேண்டும். நாடா பையோடு சேருமிடத்தில் சதுரமாகத் தைத்து, அதற்குள் பெருக்கல் குறி போடுங்கள். ஒற்றைத் தையல் ஓரத்திலிருந்து பிரியும். 18ஆம் எண் ஊசி, பாலியெஸ்டர் நூல். பருத்தி நூல் மலை ஈரத்தில் இற்றுவிடும். ஃபோம் ஒட்ட ரப்பர் பசை வாங்கினால் மூடுபனி நாளில் அதைத் திறக்காதீர்கள். பசை காயும்போது பரப்பு குளிர்ந்து அதன்மேல் ஈரம் படியும், இரண்டே நாளில் உரியும். ஒட்டும் வேலையைக் கோவையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குள் அம்மா மறுபடியும் கழற்றி வைப்பார், நிச்சயமாக. அந்த நொடிக்காக இப்போதே ஒரு வாக்கியம் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: 'பையைக் கழற்றினால், எத்தனையாவது நிமிடம், எத்தனை கிலோ, உடம்பில் எந்த இடம் என்று எழுதிவிட்டுத்தான் நகர்வேன்.' 'இப்படி நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே எழுதுவது தடுமாற்றத்தைக் குறைக்கும் என்பது உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகளில் தெரிந்த செய்தி. அம்மாவைத் தவிர இன்னும் இரண்டு மூன்று பேரிடமும் கொடுங்கள். மகள் மனம் நோகக்கூடாது என்று அம்மா பொறுத்துக்கொள்ளக்கூடும், அடுத்த வீட்டு அக்கா பொறுத்துக்கொள்ள மாட்டார்.

ஆறாம், ஏழாம் வாரங்களில் இறுதிப் பை. அதன்பின் குறைந்தது இரண்டு வாரம் அது தோட்டத்திலேயே இருக்கட்டும். மிச்ச நாட்களில் எழுத்தும் படங்களும், அத்துடன் ஏதாவது பிய்ந்துபோனால் சரிசெய்ய அவகாசம்.

சாதாரணத் தலைப்பு என்ற குறையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்திய அரசின் அழைப்பில் வந்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958இல் தந்த அறிக்கையில் மிகவும் வியந்து எழுதிய பொருள் சொம்பு. எவ்வளவு நீர் பிடிக்கும், இடுப்பில் எப்படி உட்காரும், எப்படி ஊற்றும், என்ன விலை என்று அதைக் கேள்விகளால் துளைத்தார்கள். அந்த அறிக்கையின் அடியொற்றித்தான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. வழிகாட்டிக்கும் தலைப்பின்மீது வெறுப்பு இருக்காது, கேள்வி கூர்மையாக இல்லை என்பதுதான் அவர் குறை என்று நினைக்கிறேன். 'நல்ல கொழுந்துப் பை' என்பதற்குப் பதிலாக, 'ஒன்றரைக் கிலோவுக்குள், குறுகிய வரிசையில் மாட்டாமல், 15 கிலோவைத் தனியாளாகத் தூக்கி மாட்டக்கூடிய பை' என்று எழுதிக்கொண்டு அவர் முன் உட்காருங்கள்.

போர்ட்ஃபோலியோவில் மூன்று, நான்கு திட்டங்கள் போதும். அலுமினியச் சட்டத்தின் படத்தை முன்பக்கத்திலேயே வையுங்கள், அது ஏன் தோற்றது என்று இரண்டே வரியில் எழுதி. ஸ்கூட்டர் படம் வரைந்தவரிடம் இப்படி ஒரு பக்கம் இருக்காது.

அப்பாவுக்கும் வழிகாட்டிக்கும் உங்கள் ஆசைக்கும் நடுவே இன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. எம்.டெஸ். சேர்க்கைக்காக ஐஐடி பம்பாய் நடத்தும் 'சீட்' (CEED) நுழைவுத் தேர்வுக்கு வயது வரம்பு கிடையாது, எத்தனை முறையும் எழுதலாம். மதிப்பெண் ஓராண்டுக்கே செல்லும் என்பதால் சேரப்போகும் ஆண்டில் எழுதினால் போதும். வேலைக்குப் போனால் அந்தக் கதவு மூடிவிடாது. பட்டறைக்கும் முதல் தேவை கடன் அல்ல. காசு கொடுத்து வாங்க ஆள் வேண்டும். இந்தப் பையில் ஐந்தைத் தைத்து, செலவுக் கணக்கோடு எஸ்டேட்டிலோ மகளிர் சுய உதவிக் குழுவிலோ விலை சொல்லிப் பாருங்கள். ஐந்தும் விற்றால் அப்பாவிடம் பேச உங்கள் கையில் ஒரு கணக்கு இருக்கும். 'என் கனவு' என்று ஆரம்பித்தால் அவர் காதில் வாடகையும் சாப்பாடும்தான் ஒலிக்கும், அது அவர் தப்பும் இல்லை. பெங்களூர் போவதானாலும் தைப்பது, வார்ப்பது, பொருத்துவது என்று கை வேலை நடக்கும் நிறுவனமாகத் தேடுங்கள். திரையில் மட்டும் வரையும் வேலை பட்டறைக்கு உதவாது.

இன்னொன்று. பையின் தோற்றத்தில் புதுமை இருந்து அதைப் பதிவு செய்ய நினைத்தால், விண்ணப்பிக்கும் முன் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டுவிடாதீர்கள். 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி, வெளியான வடிவம் புதியதாகக் கருதப்படாது. பதிவு செய்தால் 10 ஆண்டு உரிமை, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். கல்லூரிக் கண்காட்சிக்கு வைப்பதற்கு முன்பும் இதை வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.