அந்த மூலிகைக் குளிசையை ஒதுக்கி வையுங்கள்

கேள்வி: கணவருக்கு 53 வயது. ஐந்து மாதத்துக்கு முன் இடப்பக்கம் பாரிசவாதம். இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார். உறவின்போது விறைப்பு வருவதில்லை. இன்னொரு அடைப்பு வந்துவிடுமோ என்று எனக்கும் பயம். தெரிந்தவர் ஒருவர் மூலிகைக் குளிசை எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: கொடுக்க வேண்டாம் சகோதரி. மூலிகை என்று விற்கும் இந்த வகைக் குளிசைகளில் சில்டெனாபில் (வயக்ராவில் இருக்கும் விறைப்பு மருந்து) கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. எத்தனை மில்லிகிராம் என்பது விற்கிறவருக்கே தெரியாது. புறக்கோட்டையில் வாங்கினாலும் பேஸ்புக்கில் வாங்கினாலும் கதை ஒன்றுதான். வைத்தியர் எழுதினால் அவருக்கு ஏற்ற அளவில் தொடங்குவார். அதுவும் பாரிசவாதம் வந்து 6 மாதம் கழிந்து, பிரஷர் கட்டுக்குள் நின்றால்தான்.

ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் ஜிடிஎன், அல்லது ஐசோசோர்பைட் என்று தொடங்கும் குளிசை அவருக்கு எழுதப்பட்டிருந்தால் சில்டெனாபில் கூடவே கூடாது. தினமும் போடுவதில்லை, சட்டைப் பையில் சும்மா கிடக்கிறது என்றாலும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் சடாரென்று விழும், மூளைக்கு இரத்தம் குறையும். சில்டெனாபில் போட்டு 24 மணித்தியாலம், அதே வகை மருந்தான தடாலாபில் என்றால் 48 மணித்தியாலம் போகும்வரை நெஞ்சு நொந்தாலும் ஜிடிஎன் வைக்கக் கூடாது. 1990 அம்புலன்ஸுக்கு அழைத்து, என்ன குளிசை போட்டார் என்பதை முதலில் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைப்பதில்தான் ஆபத்து. ஜிடிஎன் முன்பு எழுதினார்களா என்பதற்கு ஞாபகத்தை நம்பாமல் கிளினிக் கொப்பியைப் புரட்டுங்கள்.

விடியற்காலையில் விறைப்பு இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். இருந்தால் பெரும்பாலும் களைப்பு, மனச்சோர்வு, பயம். இல்லையென்றால் சலரோகத்தையும் மருந்துகளையும் பார்க்க வேண்டும். பிரஷருக்குக் கொடுக்கும் அட்டெனோலோல், ஹைட்ரோகுளோரோதயசைட், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சேர்ட்ராலின் ஆகியவை இந்தத் தொல்லையைத் தரக்கூடியவை. வைத்தியர் மாற்றித் தரலாம். நீங்களாகப் பிரஷர் குளிசையை நிறுத்தினால் அடுத்த அடைப்புக்கு வழி விடுகிறீர்கள்.

கிளினிக்கில் இதைக் கேட்பது எப்படி? விடியவே போய் நம்பர் எடுத்து, மத்தியானம் கிடைப்பது இரண்டு நிமிஷம். சிங்களத்தில் மொழிபெயர்க்கப் பக்கத்தில் மகள் நிற்பாள். எந்தத் தகப்பன் வாய் திறப்பார்? கதவைச் சாத்தி ஐந்து நிமிஷம் பேச ஓர் அறை ஒதுக்க இத்தனை வருஷமாக ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆகவே பிள்ளையை விட்டுவிட்டு நீங்கள் கூடப் போங்கள். "உறவு கொள்ள முடியவில்லை, மருந்து காரணமா?" என்று சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு துண்டில் எழுதிக் கொப்பிக்குள் வைத்து நீட்டுங்கள்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். உறவுக்கு வேண்டிய உழைப்பு ஏறக்குறைய இரண்டு மாடி ஏறும் அளவுதான். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு இல்லாமல், பிரஷரும் சீராக இருக்கிறவருக்குப் பொதுவாகத் தடையில்லை. காலில் பலம் இல்லாததால் படியேறிப் பார்க்க முடியாது என்றால் வைத்தியரிடமே கேளுங்கள்.

களைப்பு குறைந்த காலை நேரம் நல்லது. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலமாவது போகட்டும். இடப்பக்கம் கீழே இருக்கும்படி சரிந்து படுத்தால் வலக்கை அவருக்கு உதவும். முதுகுக்குத் தலையணை கொடுத்து, இடது தோள் நசுங்காதபடி கையைச் சற்று முன்னே எடுத்து வையுங்கள். அந்தக் கையைப் பிடித்து மட்டும் இழுக்காதீர்கள், தோள்மூட்டு நழுவும்.