படகுச் சவாரி என்றார்கள், பாலத்தில் இறக்கிவிட்டார்கள்

கேள்வி: கிரீஸ் குழுச் சுற்றுலாவுக்கு நானும் மனைவியும் 4,80,000 ரூபாய் கட்டினோம். பயண நிரலில் ‘கொரிந்து கால்வாயில் படகுச் சவாரி’ என்றிருந்தது. போனால், பாலத்தில் இருபது நிமிடம் நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னதோடு சரி. கேட்டதற்கு, ‘நிரல் மாறுதலுக்கு உட்பட்டது, வழக்கென்றால் மும்பையில்தான்’ என்கிறார்கள். ஊர் திரும்பி நான்கு மாதமாகிறது. கோவையில் புகார் செய்யலாமா?

பதில்: செய்யலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 34-இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையமே போதும். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘மும்பை’ என்று அச்சடித்திருப்பது அந்த உரிமையைப் பறிக்காது. கெடு 2 ஆண்டு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் புகார் பதியக் கட்டணமும் கிடையாது.

நிரலின் வார்த்தையை மறுபடி படியுங்கள். வழக்கு அதில்தான் நிற்கும். ‘கால்வாயைக் காணல்’ என்று மட்டும் இருந்தால், 79 மீட்டர் வரை உயர்ந்த பாறைச் சுவர்களுக்கு நடுவே 6.3 கிலோமீட்டர் ஓடும் நீரைப் பாலத்திலிருந்து பார்ப்பதும் காண்பதுதான். ‘சவாரி, கட்டணம் உட்பட’ என்றிருந்தால் சேவைக் குறைபாடு.

‘கால்வாய் மூடியிருந்தது’ என்பார்கள். பொய் என்று தள்ளிவிடாதீர்கள். 2021 ஜனவரியில் பாறை சரிந்து மூடியது. 2022-இல் பணிகளுக்கு நடுவே கோடையில் மட்டும் திறந்தார்கள். கேள்வி வேறு: மூடல் எப்போது அறிவிக்கப்பட்டது, உங்களிடம் எப்போது பணம் வாங்கினார்கள்? அறிவிப்பு முந்தியது என்றால், ‘எதிர்பாராத தடை’ என்ற வாதம் எடுபடாது. அன்று காலைதான் பாறை விழுந்தது என்றால் சவாரிக் கட்டணத்தோடு திருப்திப்பட வேண்டியிருக்கும்.

முழு 4,80,000-ஐயும் கேட்காதீர்கள். விமானம், ஓட்டல், சாப்பாடு எல்லாம் அனுபவித்துவிட்டு அப்படிக் கேட்டால் மற்ற கோரிக்கையின் மீதும் சந்தேகம் விழும். சவாரிக் கட்டணம், மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, செலவு, அவ்வளவுதான்.

நிறுவனம் இணையத்தில் நிரலை மாற்றுமுன் பழைய பிடிஎஃப்பைச் சேமியுங்கள். வழிகாட்டியின் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். அவற்றோடு பாரதிய சாட்சிய சட்டம் 2023, பிரிவு 63(4) கேட்கும், மின்னணு ஆதாரங்களுக்கான சான்றிதழையும் இணையுங்கள். 15 நாள் அவகாசம் தந்து ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் நுகர்வோர் புகார்களுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் புகாரைப் பதியலாம்.

நோட்டீஸ் போனதும் ‘அடுத்த பயணத்துக்கு 10,000 ரூபாய் தள்ளுபடி’ என்று கூப்பன் வரலாம். கூடவே வரும் தாளில் ‘முழுத் தீர்வாக ஏற்கிறேன்’ என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.