எந்தக் கணக்கு, யார் கை, எந்தத் தேதி: வாசகர் கேள்வி பதில்

அரசு நேரடியாகக் கொடுக்கும் பணம் பற்றி வந்த கடிதங்களிலிருந்து.

கேள்வி: செஞ்சி பக்கத்துக் கிராமத்தில் மாமனாருக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. பி.எம். கிசான் பணம் இரண்டு தவணையாக வரவில்லை. வங்கியில் கேட்டால், "ஆதார் லிங்க் ஆகியிருக்கு, எங்க பக்கம் தப்பில்ல" என்கிறார்கள். எங்கே போய்க் கேட்பது? (வாசகி, வேளச்சேரி)

வங்கிக்காரர் பொய் சொல்லவில்லை; ஆனால் அவர் சொல்வது வேறு இணைப்பு. அடையாளச் சான்றாக ஆதார் எண்ணைக் கணக்கில் பதிவது ஒன்று. அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போகவேண்டும் என்று தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் பட்டியலில் ஏற்றுவது இன்னொன்று. ஓர் ஆதாருக்கு அந்தப் பட்டியலில் ஒரே வங்கிதான் இருக்கும். கடைசியாக எந்த வங்கி ஏற்றியதோ, பணம் அங்கேதான் போகும். சிம் கார்டு வாங்கும்போதோ, குழு லோனுக்காகவோ கைரேகை வைத்துத் திறந்த கணக்கு ஒன்று இருக்கிறதா என்று மாமனாரிடம் கேளுங்கள். காணாமல் போன பணம் பல நேரம் அப்படி மறந்துபோன கணக்கில்தான் கிடக்கும்.

ஆதார் இணையதளத்தில் 'வங்கி இணைப்பு நிலை' என்ற பகுதி உண்டு. பதிவு செய்த செல்போனுக்கு ஓ.டி.பி. வரும், எந்த வங்கி, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வேறு வங்கியின் பெயர் வந்தால், வேண்டிய வங்கியில் ஆதார் இணைப்புப் படிவம் வாங்கி, 'வேறு வங்கியிலிருந்து மாற்றம்' என்ற கட்டத்தில் குறியிட்டு, பழைய வங்கியின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். சும்மா ஜெராக்ஸ் மட்டும் கொடுத்தால் முதல் வகை இணைப்போடு நிறுத்திவிடுவார்கள்.

வங்கி சரியாக இருந்தால் பி.எம். கிசான் தளத்தில் பயனாளி நிலையைப் பாருங்கள். இ-கேஒய்சி (இணையவழி அடையாளச் சரிபார்ப்பு), நில ஆவண இணைப்பு, வங்கி ஆதார் இணைப்பு மூன்றுமே 'ஆம்' என்று இருக்கவேண்டும். நில இணைப்பு 'இல்லை' என்றால் வங்கிக்கு அலைவது வீண்; பட்டாவோடு வேளாண் அலுவலகத்துக்குப் போகவேண்டும். பட்டா இன்னும் தாத்தா பேரிலேயே இருந்தால் சிக்கல் அங்கேதான். குத்தகைக்குப் பயிர் செய்பவருக்கு இந்தத் திட்டத்தில் இடமே இல்லை. நிலம் அவர் பேரில் இல்லையே!

இன்னொரு காரணம் வங்கிக் கணக்கின் கேஒய்சி புதுப்பிப்பு. சாதாரணக் கணக்குகளுக்குப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை இது வேண்டும். ஜன்தன் திட்டம் தொடங்கியது 2014 ஆகஸ்டில். அந்த வருடம் திறந்த கணக்குகளுக்கெல்லாம் 2024-லேயே கெடு வந்துவிட்டது. புதுப்பிக்காமல் முடங்கிய கணக்குக்குப் போகும் பணம் திரும்பிவிடலாம்.

கேள்வி: மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்தால் பாதி டாஸ்மாக்குக்குத்தானே போகும்? வேலைக்கும் ஆள் வரமாட்டார்கள் என்கிறார் ஊரில் இருக்கும் என் அண்ணன். (வாசகர், பெரம்பூர்)

இந்தக் கேள்வி உலகம் பூராவும் இருக்கிறது. அதனால் ஆராய்ச்சியும் நிறைய. பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளை டேவிட் எவான்ஸ், அன்னா போபோவா என்ற இரு ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். பணம் வந்ததால் மது, புகையிலைச் செலவு கூடியதாகத் தெரியவில்லை. நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் அபிஜித் பானர்ஜியும் உடன் ஆய்வாளர்களும் மெக்சிகோ, இந்தோனேசியா உள்பட ஆறு நாடுகளின் ஏழு திட்டங்களை எடுத்துப் பார்த்ததில், வேலைக்குப் போவதும் குறையவில்லை.

உங்கள் அண்ணன் சொல்வதில் ஒரு பொடி உண்மை உண்டு. மத்தியப் பிரதேசத்தில் 2011-ல் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு சில கிராமங்களில் பெரியவருக்கு 200, குழந்தைக்கு 100 ரூபாய் என்று மாதாமாதம் கொடுத்துப் பார்த்தது. பிறகு அது 300, 150 ஆனது. அங்கே சிலர் கூலிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு தங்கள் சொந்த நிலத்தில் வேலை செய்தார்கள். விதையும் உரமும் வாங்கக் கையில் காசு இருந்தது. பண்ணையாரின் கணக்கில் இது 'ஆள் வரவில்லை'. அவர்கள் கணக்கில் இது விவசாயம்.

தொகையின் அளவையும் பாருங்கள். மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய். நாள் ஒன்றுக்கு 33 ரூபாய். நாலு பேர் உள்ள வீட்டில் தலைக்கு எட்டு ரூபாய்ச் சொச்சம். இதை வைத்துக்கொண்டு யாரும் கூலியை விடமுடியாது. ஆனால் மளிகைக்கடைக் கடன் நோட்டை அடைக்கலாம், முட்டை வாங்கலாம். தேதி தெரிந்த பணம் என்பதால் சீட்டிலும் சேரலாம்.

கேள்வி: மாதாமாதம் கொடுப்பது நல்லதா, மொத்தமாகவா? (வாசகி, தாம்பரம்)

எதற்கு என்பதைப் பொறுத்தது. கென்யாவில் இரண்டு விதமாகவும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மாதாமாதம் வாங்கியவர்கள் வீட்டில் சாப்பாடு சீரானது. மொத்தமாக வாங்கியவர்கள் கூரையை மாற்றினார்கள், பொருள் வாங்கினார்கள். நம் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியில் 18,000 ரூபாய் மதிப்பில் 14,000 பணம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். அது கர்ப்பகாலச் சாப்பாட்டுக்கான பணம். கர்ப்பகாலத்தில் வரவேண்டியது பிள்ளை தவழும்போது வந்தால் அடகு வைத்த வளையலை மீட்கத்தான் பயன்படும். தாமதத்துக்கு ஒரு காரணம் பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) பதியத் தாமதிப்பது. 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: ரேஷன் அரிசியை நிறுத்திவிட்டுப் பணமாகவே கொடுக்கலாமே? (வாசகர், அண்ணா நகர்)

புதுச்சேரியில் 2015 செப்டம்பரிலிருந்து செய்து பார்த்தார்கள். ஜார்க்கண்டில் நாக்ரி வட்டாரத்தில் 2017-ல் செய்தது தோற்றே போனது. கிலோ ஒரு ரூபாய்க்கு வாங்கிய அரிசிக்கு 31.60 ரூபாய் கணக்கில் போடுவார்கள். மக்கள் அதை எடுத்து, 32.60 கொடுத்து ரேஷன் கடையில் வாங்கவேண்டும். பணம் வந்ததா என்று பார்க்க ஒரு நடை, எடுக்க ஒரு நடை, கடைக்கு ஒரு நடை. இந்த அலைச்சலில் கூலி போயிற்று. எதிர்ப்பு வலுத்து 2018-ல் கைவிட்டார்கள். அண்ணா நகரில் ஏ.டி.எம். தெருமுனையில் இருக்கிறது, எல்லா ஊரிலும் அப்படி இல்லை. அரிசிக்கு விலை ஏறினாலும் 20 கிலோ 20 கிலோதான். 1,000 ரூபாய் அப்படி இல்லை.

கேள்வி: எல்லோருக்கும் பணம் கொடுத்தால் கடைக்காரர் விலையை ஏற்றிவிட மாட்டாரா? (மாணவர், குரோம்பேட்டை)

சரக்கு எளிதாக வந்து சேரும் ஊரில் அநேகமாக ஏறாது. கென்யாவில் பெரிய தொகை கொடுத்தும் விலை மிகக் கொஞ்சமே நகர்ந்தது. ஒதுக்குப்புற ஊரில் ஏறும். பிலிப்பைன்ஸில் அப்படிப்பட்ட கிராமங்களில் முட்டை விலை ஏறி, பணம் கிடைக்காத வீட்டுப் பிள்ளைகளின் வளர்ச்சி பாதிக்கப்பட்டது.

கேள்வி: அம்மாவுக்கு உரிமைத் தொகை வந்ததும் மினிமம் பேலன்ஸ் இல்லை என்று வங்கி பிடித்துக்கொள்கிறது. (வாசகி, வியாசர்பாடி)

அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அதற்குக் குறைந்தபட்ச இருப்பு கிடையாது. மாதம் நாலு முறை எடுப்பது இலவசம். அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு இருக்கக்கூடாது, இருந்தால் மூடவேண்டும்.

அம்மா ஊரில் கைரேகை வைத்துப் பணம் எடுப்பவர் என்றால் ஒன்று கவனியுங்கள். பாத்திரம் தேய்த்தும் களை பறித்தும் தேய்ந்த விரலை மெஷின் ஏற்காது. "ஃபெயில் ஆயிடுச்சு, திரும்ப வைங்க" என்று வங்கி முகவர் சொன்னால், முதல் தடவைக்கான ரசீதைக் கேட்டு வாங்கிய பிறகே இரண்டாவது தடவை விரல் வைக்கவேண்டும். இரண்டு முறை கழிந்திருப்பது பாஸ்புக் பதியும்போதுதான் தெரியவரும். வெளியே நடக்க முடியாதவராக இருந்தால் அஞ்சலக பேமண்ட்ஸ் வங்கியில் சொல்லிவைக்கலாம். தபால்காரரே வீட்டுக்கு வந்து பணம் எடுத்துத் தருவார்.