போடிமெட்டுக்கு எத்தனை பல்?

பூப்பாறை, குமுளி, வண்டிப்பெரியாறு, வாளையார், மறையூர் என்று இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே முன்பக்கப் பல்சக்கரத்தைப் பற்றியவை. சமவெளிக்குப் பொருந்தும் பல் எண்ணிக்கையோடு கிராவல் சைக்கிளை (மண், கல் ரோட்டிலும் ஓட்டும் தடித்த டயர் சைக்கிள்) வாங்கிவந்து, மலையில் முட்டிவலியோடு ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

அண்ணே, என்னுடையது ஷிமானோ ஜி.ஆர்.எக்ஸ் (கிராவல் சைக்கிளுக்கான கியர் செட்). முன்னால் ஒற்றை 40 பல், பின்னால் 11-42 கேசட் (11 பல் முதல் 42 பல் வரையுள்ள சக்கர அடுக்கு). போடிக்கு இறங்கித் திரும்பும்போது மெட்டு ஏறுவதற்குள் முட்டி பிடித்துக்கொள்கிறது. 36 பல் போடலாமா? (பூப்பாறை)

தாராளமாகப் போடுங்கள் தம்பி. 40 மி.மீ. டயர் போட்ட 700 அளவு வீல் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் ஓடும். முன்னால் 40, பின்னால் 42 வைத்து நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 7.5 கி.மீ. போடிமெட்டு மலைப்பாதையின் பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் அந்த வேகம் நிற்காது. வேகம் குறையக் குறைய மிதியும் மெதுவாகி, பாரம் முழுக்க முட்டியில் இறங்குகிறது. 36 பல் என்றால் அதே 60 சுற்றுக்கு 6.8 கி.மீ. போதும். பத்து சதவீதம் லேசு. இழப்பும் உண்டு: 36-க்கு 11-ல் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் சுமார் 39 கி.மீ.தான் வரும், முன்பு 43 வந்திருக்கும். அந்த இறக்கத்தில் பிரேக்கில்தானே கை இருக்கப்போகிறது, மிதிக்க எங்கே வேலை?

வாங்கும்போது பல் எண்ணிக்கையை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். உங்கள் கிராங்க்கில் (மிதி பூட்டிய கை) பல்சக்கரத்தைப் பிடித்திருப்பது நாலு போல்ட். அவை அமரும் வட்டத்தின் விட்டம் 110 மி.மீ. ஆனால் நாலுக்கும் இடையே இடைவெளி ஒரே அளவில் இல்லை. அதனால் ஐந்து போல்ட் 110-ம், சம இடைவெளி நாலு போல்ட்டும் இதில் உட்காராது. "ஷிமானோ நாலு போல்ட், சமமில்லாத 110, ஒற்றைச் சக்கரத்துக்கானது" என்று முழுசாகக் கேளுங்கள். பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று தடிமனும் மெலிசுமாக இருக்க வேண்டும். செயினைப் பிடித்து வைப்பது அதுதான்.

என் சைக்கிளில் 11 ஸ்பீடு ஷிமானோ (பின்னால் 11 சக்கரம்), முன்னால் 50/34 (பெரியது 50 பல், சின்னது 34), பின்னால் 34 வரை. முன்னால் 46/30 ஆக்க, சக்கரங்களை மட்டும் மாற்றினால் போதுமா? (குமுளி)

போதாது. 110 மி.மீ. போல்ட் வட்டத்தில் வழக்கமாகக் கிடைக்கும் கடைசி அளவு 34. அதற்கும் சின்னதாக்கினால் போல்ட் ஓட்டைக்கும் பல்லுக்கும் நடுவே செயின் உட்கார இடமிருக்காது. 30 பல்லுக்கு அதைவிடச் சின்ன வட்டம் வேண்டும். ஜி.ஆர்.எக்ஸ்-இன் 46/30 கிராங்க் அப்படித்தான்: வெளிச்சக்கரம் 110, உள்சக்கரம் 80. ஆகவே கிராங்க்கையே மாற்ற வேண்டும்.

அதோடு இரண்டு விஷயம். அந்தக் கிராங்க்கில் செயின் ஓடும் கோடு ரோடு கிராங்க்கைவிட 2.5 மி.மீ. வெளியே இருக்கும், எனவே முன் டிரெய்லியரும் (செயினை ஒரு சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பாகம்) ஜி.ஆர்.எக்ஸ் ஆக இருக்க வேண்டும். பழையதை வைத்து ஒப்பேற்றப் பார்த்தால் பெரிய சக்கரத்துக்குச் செயின் ஒழுங்காக ஏறாது. அடுத்து, ஒரு பல்லுக்கு ஆரம் சுமார் 2 மி.மீ. என்று கணக்கு. 50-லிருந்து 46-க்கு வந்தால் டிரெய்லியர் 8 மி.மீ. கீழே இறங்க வேண்டும். ஃப்ரேமில் அதைப் பிடித்திருக்கும் துளை அவ்வளவு தூரம் இடம் தருகிறதா என்று முதலில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். இதைப் பார்க்காமல் கிராங்க் வாங்கி, திருப்பிக் கொடுக்கவும் முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பின் டிரெய்லியரை மாற்ற வேண்டியதில்லை. 50/34-க்கும் 46/30-க்கும் வித்தியாசம் அதே 16 பல்தான்.

செலவு கூடத்தான். ஆனால் 34-க்கு 34-லேயே பல வருடம் கம்பம்மெட்டு ஏறிய நான் 30-க்கு மாறிய பிறகுதான், ஏறும்போது தலை நிமிர்ந்து ஏலத் தோட்டத்தைப் பார்த்தேன்.

என் கிராங்க்கில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டே தெரியவில்லை. ரிவெட் மாதிரி இருக்கிறது. (வாளையார்)

ரிவெட்டேதான். சக்கரத்தை மட்டும் மாற்ற முடியாது. சின்ன சக்கரம் உள்ள முழு கிராங்க்காக வாங்குங்கள். அச்சு சதுரமா உருண்டையா என்று பார்த்து, அதற்குப் பொருந்துவதாக.

பழைய ஐந்து போல்ட் கிராங்க் ஒன்று கைக்கு வந்தது. அளவு எதிலும் எழுதியில்லை. (வண்டிப்பெரியாறு)

பக்கத்துப் பக்கத்து இரண்டு போல்ட்டின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து 1.7-ஆல் பெருக்குங்கள். அளந்தது 64.7 மி.மீ. என்றால் 110 வட்டம்; 76.4 என்றால் 130. இரண்டாவதாக இருந்தால் மலைக்கு அது வேண்டாம், 38 பல்லுக்குக் கீழே போகாது.

42-ஐ 38 ஆக்கினேன் சார். எஸ்டேட் கல்ரோட்டில் செயின் கழன்று விழுகிறது. (மறையூர்)

செயினைக் குறைத்தீர்களா? முன்னால் நாலு பல் குறைந்தால் செயினில் ஒரு அங்குலம், அதாவது உள்கண்ணி ஒன்றும் வெளிக்கண்ணி ஒன்றும், எடுக்க வேண்டும். வெட்டும் முன் கேசட்டின் பெரிய சக்கரத்தில் போட்டு, டிரெய்லியர் விறைக்கவில்லை என்று பாருங்கள். அப்புறம் பின் டிரெய்லியரில் உள்ள கிளட்ச் (செயின் துள்ளாமல் இறுக்கிப் பிடிப்பது) நெம்புகோல் 'ஆன்' பக்கம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். பின் வீலைக் கழற்றும்போது அணைத்துவிட்டு மறப்பது சகஜம். இரண்டும் சரி என்றால் செயின் தேய்மானத்தை அளங்கள். 11 ஸ்பீடில் 0.5 சதவீதம் நீண்டிருந்தால் புதுச் செயின் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் வாங்கிய புதுப் பல்லையும் அது தின்றுவிடும்.