வேப்பெண்ணெயைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள்

சென்னையில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஹாலில் மூன்று செடிகள் வைத்திருக்கிறார். மணி பிளாண்டில் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழுகின்றன, தொட்டியைச் சுற்றிக் குட்டிக் கறுப்பு ஈக்கள் பறக்கின்றன. ஏசிக்குப் பக்கத்தில் நிற்கும் அரேகா பாம் பச்சை வெளுத்து, தூசி படிந்த மாதிரி மங்கிக்கொண்டே போகிறது. பீஸ் லில்லிக்கு இலை நுனி கருகுகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நோய் தொற்றிவிட்டது என்று நினைத்து, இரண்டு மாதமாக வாரம் இரண்டு முறை மூன்றுக்கும் வேப்பெண்ணெய் அடித்திருக்கிறார். மண்ணில் மஞ்சள் தூளும் தூவியிருக்கிறார். தண்ணீர் தினமும் ஊற்றுகிறார், அதுவும் வீணாகக்கூடாது என்று ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை. "இதைவிட வீரியமான மருந்து எது?" என்று கேட்கிறார்.

அம்மா, உங்கள் அக்கறை ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், மூன்று செடிக்கும் மூன்று தனித்தனிக் கோளாறுகள். பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் ஒரே நோய் பரவுவது போலத் தோன்றுகிறது. அதனால் முதலில் எல்லா மருந்தையும் இரண்டு வாரம் நிறுத்துங்கள். எண்ணெய்ப் படலம் ஏறிய இலையில் எது பூச்சி செய்தது, எது மருந்து செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மணி பிளாண்டிலிருந்து தொடங்குவோம், விஷயம் அங்கேதான் அதிகம். மஞ்சளாவது அடி இலையா, நுனியில் வரும் புது இலையா? அடியில் எப்போதாவது ஒரு இலை பழுத்தால் அது வயதுதான், விட்டுவிடலாம். வாரத்துக்கு மூன்று நான்கு என்று பழுக்கிறது, மண் ஈரமாக இருக்கும்போதே கொடி துவள்கிறது என்றால் வேரைப் பார்த்தே ஆக வேண்டும். தண்ணீர் இருந்தும் வாடுவது வேரழுகலுக்கு மிகத் தெளிவான அடையாளம். அந்த வாட்டத்தைப் பார்த்துத் தாகம் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம், அதோடு செடி போய்விடும்.

செடியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுக்கப் பலருக்கும் பயம். தேவையில்லை. பழைய செய்தித்தாளை விரித்து, தொட்டியைச் சாய்த்து, பக்கங்களைத் தட்டினால் மண்கட்டியோடு வந்துவிடும். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். மேல்தோல் ஈரக் காகிதம் மாதிரி வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிடும், உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். சாக்கடை வாடையும் அடிக்கும். ஒருமுறை இதைப் பார்த்துவிட்டால் பிறகு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நர்சரியிலிருந்து வரும் செடி பெரும்பாலும் கெட்டியான செம்மண்ணில்தான் இருக்கும். வெளியே வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும் அந்த மண், ஹாலின் நிழலில் பத்து நாளானாலும் காயாது. நீர் தேங்கிய மண்ணில் காற்று இல்லாமல் வேர் மூச்சுத் திணறும், பலவீனமான அந்த வேரில் பூஞ்சைகள் ஏறும். இதற்கு வேப்பெண்ணெயை இலையில் அடித்து என்ன பயன்? மஞ்சள் தூளும் அழுகிய வேரை மீட்காது. சுத்தமான கத்தரியால் அழுகியதையெல்லாம் வெட்டிவிட்டு, வேரைக் கழுவி, தென்னை நார்க்கழிவும் மணலும் தொழுவுரமும் கலந்த இளக்கமான கலவையில் நடுங்கள். அடியில் துளை இருக்கிற தொட்டி, முன்பைவிடக் கொஞ்சம் சிறியதாகவே இருக்கட்டும். வேர் பாதிக்குமேல் போயிருந்தால், கணு இருக்கும்படி நான்கைந்து துண்டுகள் வெட்டி ஒரு பாட்டில் தண்ணீரில் போட்டு வையுங்கள். தாய்ச்செடி போனாலும் பிள்ளைகள் இருக்கும்.

அந்தக் கறுப்பு ஈக்கள்? கொசு மாதிரி மெலிந்து, மண்ணிலேயே தத்தித் தத்திப் பறந்தால் அது ஃபங்கஸ் நாட். எப்போதும் ஈரமாக இருக்கும் மேல்மண்ணில் முட்டையிடும், அதன் புழு அங்கிருக்கும் பூஞ்சையையும் பிஞ்சு வேரையும் தின்னும். ஒரு உருளைக்கிழங்கைத் துண்டாக நறுக்கி மண்மேல் வைத்து, இரண்டு மூன்று நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடி நூல் போல உடம்பும் பளபளக்கும் கறுப்புத் தலையுமாகப் புழுக்கள் ஒட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம். பறப்பவற்றை மஞ்சள் ஒட்டும் அட்டை பிடித்துக்கொள்ளும். ஆனால் அட்டை மட்டும் போதாது, ஈரம் இருக்கும்வரை அடியிலிருந்து வந்துகொண்டே இருக்கும். மேல்மண் விரல் முதல் கணு ஆழத்துக்குக் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டையிலிருந்து ஈ ஆகும்வரை ஏறக்குறைய மூன்று, நான்கு வாரம் ஆகும், அதனால் ஒரு மாதமாவது விடாமல் இப்படியே செய்ய வேண்டும்.

அரேகா பாமுக்கு வருவோம். ஏசி காற்று வறண்டது. வறட்சியை விரும்பி வருவது செஞ்சிலந்தி. பெயரில் சிவப்பு இருந்தாலும் மஞ்சளாகவோ பச்சையாகவோகூட இருக்கும், அரை மில்லிமீட்டர் அளவுதான் என்பதால் கண்ணில் எளிதில் படாது. ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்து, இலையை நாலு தட்டு தட்டுங்கள். தாளில் விழுந்த புள்ளிகளை அரை நிமிடம் உற்றுப் பாருங்கள். தூசி என்றால் அசையாது. ஒரு புள்ளி மெல்ல நகர ஆரம்பித்தால் அதுதான் ஆள். தாளை விரலால் தேய்த்தால் கறை இழுபடும். நான் முதன்முதலில் இதைச் செய்து பார்த்தபோது, அதற்கு முந்தைய மூன்று மாதமாக 'சத்துக் குறைபாடு' என்று உரம் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் செடியைக் காப்பாற்ற முடியவில்லை. தாள் ஒன்று கையில் இருந்தால் போதும் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

செஞ்சிலந்தி பூச்சி இனமே இல்லை, எட்டுக் கால் உள்ள சிலந்தி வகை. கடையில் பூச்சிமருந்து என்று கொடுப்பதில் பல இதைத் தொடாது, சில மருந்துகள் அடித்தால் இன்னும் பெருகவும் செய்யும். தண்ணீர்தான் இதற்கு நல்ல எதிரி. தொட்டி மண்ணை பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டு, குளியலறைக்குக் கொண்டுபோய், ஷவரில் இலையின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள். வெக்கையான நாளில் முட்டையிலிருந்து வளர்ந்து அடுத்த முட்டையிட ஒரு வாரம் போதும் அதற்கு. கழுவலில் முட்டைகள் சில தப்பும். ஆகவே நாலு நாளுக்கு ஒருமுறை, ஐந்தாறு தடவையாவது கழுவ வேண்டும். ஏசி காற்று நேராகப் படாத இடத்துக்கு மாற்றுங்கள். இத்தனைக்குப் பிறகும் தாளில் புள்ளி நகர்ந்தால் அப்போது வேப்பெண்ணெய்: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 5 மில்லி எண்ணெய், கரைய ஒன்றிரண்டு மில்லி மென்மையான திரவ சோப்பு. முதலில் ஒரே இலையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். பிறகு மாலை வேளையில், இலையின் அடியில், வாரம் ஒருமுறை.

இலைக் காம்பும் தண்டும் சேரும் இடத்தில் பஞ்சு மாதிரி எதுவும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது மாவுப்பூச்சி. இலையில் பிசுபிசுப்பு, அதன்மேல் கரி அப்பிய மாதிரிப் பூசணம், தண்டில் எறும்பு வரிசை இவையெல்லாம் அதற்கோ, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும் செதில் பூச்சிக்கோ அடையாளம். மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைக் காது குடையும் பஞ்சுக்குச்சியில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுத் துடைத்தால் போதும். தோட்டத்தில் என்றால் இயற்கையே பாதி வேலையைச் செய்துவிடும். 2008ல் கோவைப் பக்கம் தலைகாட்டி தமிழகம் முழுக்கப் பப்பாளியையும் மல்பெரியையும் சூறையாடிய பப்பாளி மாவுப்பூச்சியை, 2010ல் வெளிநாட்டிலிருந்து தருவித்து விட்ட ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. ஹாலுக்குள் குளவியும் வராது, பொறிவண்டும் வராது. அந்த வேலையை உங்கள் கண்ணும் கையும்தான் செய்ய வேண்டும்.

பீஸ் லில்லிக்கு நோயே இல்லை என்றுதான் நினைக்கிறேன். இலை நடுவில் புள்ளியோ மஞ்சள் வளையமோ இல்லாமல், நுனி மட்டும் ஒரே சீராகப் பழுப்பாகிக் காய்ந்தால் அது உப்பு. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற உங்கள் எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் ஆர்.ஓ. மெஷினுக்குள் போகும் நீரில் பாதி குடிநீராக வந்தால், வெளியே போகும் மீதிப் பாதியில் உப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருக்கும். போர்வெல் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். மண்மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறதா பாருங்கள். அந்தத் தண்ணீரை வீடு துடைக்க, கழிவறைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். செடிக்கு மழைநீரோ, குடிக்கிற தண்ணீரோ கொடுங்கள். இப்போதைக்குத் தொட்டியைக் குழாயடியில் வைத்து, தொட்டி கொள்ளளவுபோல இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே முழுவதும் வடியவிடுங்கள். சேர்ந்த உப்பு கரைந்து போகும். தட்டில் தேங்கியதை அப்படியே விடாமல் கொட்டிவிட வேண்டும். உரமும் இரண்டு மாதம் வேண்டாம்.

கருகிய நுனி மறுபடி பச்சையாகாது. அதைப் பார்த்துக் கவலைப்படாமல், இலையின் வடிவத்திலேயே கத்தரியால் சாய்வாக நறுக்கி, பழுப்பில் ஒரு கோடு மட்டும் விட்டுவிடுங்கள். பச்சையில் வெட்டினால் வெட்டிய இடம் மறுபடி காயும். குணமாகிறதா என்பதை இனி வரும் புது இலைதான் சொல்லும், அது வர ஒரு மாதமாவது ஆகும். அதுவரை மூன்று தொட்டிகளையும் ஒன்றையொன்று தொடாமல் தள்ளி வையுங்கள். அரேகா பாமின் செஞ்சிலந்தி மட்டும் மற்ற இரண்டுக்கும் போகக் கூடியது. அவற்றின் இலைக்கு அடியிலும் வாரம் ஒருமுறை அந்த வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டிப் பார்த்துவிடுங்கள்.