விலங்கு ஆராய்ச்சி விஞ்ஞானியின் வாழ்க்கை எப்படி இருக்கும்?

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். நான் கடலூர் மாவட்டத்துக்காரன். ஆடுகளுக்கு வரும் நோய்களை ஆராய்கிறேன்.

படிப்பு நீளம். கால்நடை மருத்துவப் பட்டம், பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு. முதுநிலை இரண்டு. முனைவர் பட்டம் குறைந்தது மூன்று. கூடப் படித்தவர்கள் வீடு கட்டிக் குடிபோனபோதும் நான் உதவித்தொகையில்தான் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இதை முன்பே பேசிவிடுங்கள்.

என்னை இந்தத் துறையில் பிடித்து நிறுத்தியது ஆட்டுக்கொல்லி நோய். காய்ச்சல், மூக்கொழுகல், வாய்ப்புண், கழிச்சல், பிறகு சாவு. இந்தியாவில் இது முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1987-ல், அரசூரில். இன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர் அன்று தென்னாற்காட்டைச் சேர்ந்தது. மாவட்டத் தலைநகர் எங்கள் கடலூர். அங்கே கிடைத்த வைரஸைக் கொண்டே ‘அரசூர் 87’ என்ற தடுப்பூசி உருவாயிற்று. நம் பக்கத்து ஊர்ப் பெயர் மருந்துக் குப்பிக்குள் இருக்கிறது என்று அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட பெருமிதம் இன்னும் குறையவில்லை.

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது விருத்தாசலம் பக்கம் ஓர் ஆயாவின் ஆடுகளிடம் ரத்தமும் மூக்குச் சளியும் எடுத்தேன். திரும்பும் வழியில் பஸ் பழுதாகி நின்றது. மே மாத வெயிலில் பெட்டியிலிருந்த ஐஸ் முழுவதும் உருகிவிட்டது. இந்த வைரஸ் சூடு தாங்காது. பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. பத்து நாள் கழித்து மறுபடி போனேன். அதற்குள் இரண்டு ஆடுகள் செத்திருந்தன.

“முன்னே எடுத்த ரத்தம் என்ன ஆயிற்று, தம்பி?” என்று கேட்டார். கெட்டுப்போய்விட்டது, ஆயா, தவறு என்னுடையது என்றேன். சற்று நேரம் பேசாமல் நின்றவர், ஓர் ஆட்டை இழுத்துவந்து, தலையைத் தம் முழங்கால்களுக்கிடையே இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “எடு.”

இந்த முறை ஆட்டுக்கொல்லி என்று உறுதியானது. மூன்றாம் முறை போனது முடிவைச் சொல்வதற்காக மட்டும். பேரனுக்குத் தொற்றுமா என்றுதான் முதலில் கேட்டார். மனிதருக்கு வராது என்றதும் உட்கார்ந்துவிட்டார். சுற்றியிருந்த மந்தைகளுக்கு அரசு மருத்துவர் தடுப்பூசி போட்டார்; ஒரு முறை போட்டால் மூன்றாண்டு காக்கும்.

அன்றுமுதல் யாருடைய ஆட்டிடம் மாதிரி எடுத்தாலும், முடிவை அவர் வாசலுக்கே போய்ச் சொல்கிறேன். கட்டுரை வெளியாவது அதற்குப் பிறகுதான். ஆராய்ச்சி வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது, அவரிடமும் இந்த வழக்கம் உண்டா என்று விசாரியுங்கள்.

ஆட்டுக்கொல்லியின் இனமான மாட்டு வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011-ல் அறிவித்தார்கள். ஆட்டுக்கொல்லியை ஒழிக்க 2030 என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஓய்வு பெற வேண்டும் என்பது என் ஆசை.

விடுமுறையில் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்துக்குப் போய், தடுப்பூசி முகாம் என்றைக்கு என்று கேளுங்கள். அன்று ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மருத்துவரோடு கூடவே நடந்து பாருங்கள்.