‘தி இன்சிடென்ட்’ படத்தில் அத்தனை பேரும் ஏன் சும்மா இருக்கிறார்கள்? நம்பும்படியாகவா இருக்கிறது?

படம் முடிந்த கையோடு கோபத்தில் கேட்டிருக்கிறீர்கள் என்று விளங்குகிறது. ரயில் பெட்டிக்குள் பதினைந்து பேரளவில் இருக்கிறார்கள், ரவுடிகள் இரண்டே பேர், எல்லாரும் சேர்ந்து எழும்பினால் ஒரு நிமிட வேலை, ஆகவே கதையில் உண்மை இல்லை என்கிறீர்கள். நீங்கள் கடைசி பஸ்ஸில் அதிகம் போகாதவர் என்று நினைக்கிறேன். சொந்த வாகனம் இருக்கலாம். குறையாகச் சொல்லவில்லை.

படம் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. 1967 இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், இயக்கியவர் லாரி பியர்ஸ். நள்ளிரவு தாண்டி நியூயோர்க்கில் ஓடும் சுரங்க ரயிலின் ஒரு பெட்டிக்குள் இரண்டு இளைஞர்கள் ஏறி, இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துச் சித்திரவதை செய்கிறார்கள். டோனி முசாந்தே ஒருவர், மார்ட்டின் ஷீன் மற்றவர். ஷீனுக்கு அதுதான் முதல் திரைப்படம். ரயில் நிர்வாகம் படம் பிடிக்க அனுமதி கொடுக்காததால் ஸ்ரூடியோவில் பெட்டியைக் கட்டி எடுத்தார்கள். சில காட்சிகளை மட்டும் ஒளித்து வைத்த கமராவால் உண்மையான ரயிலில் எடுத்தார்கள். முடிவைச் சொல்லாமல் என்னால் பதில் எழுத முடியாது, பார்க்க நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த இரண்டு பேரும் பதினைந்து பேரை ஒரேயடியாக எதிர்க்கவே இல்லை, அதைக் கவனித்தீர்களா? முதலில் தூங்கிக் கிடக்கும் குடிகாரனைத் தொடுகிறார்கள். அவனுக்காக யார் வாய் திறப்பார்கள்? பிறகு எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஓர் ஆள். பிறகு வயதான தம்பதி. ஒவ்வொரு முறையும் மற்றவர்களுக்கு அது வேறு ஆருடையவோ பிரச்சினை. வெள்ளையர்கள் அவமானப்படுவதை ரசித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் கறுப்பின மனிதருக்கும் பிறகு முறை வருகிறது. படத்தின் முற்பகுதி முழுக்க ஒவ்வொரு குடும்பத்தின் சொந்தச் சண்டையையும் நீட்டி நீட்டிக் காட்டுவது அலுப்பாக இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அது இல்லாவிட்டால் பிற்பாதி வேலை செய்யாது. ஏறும்போதே ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் ஏறியிருக்கிறார்கள்.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன், மழைக்காலம். யாழ்ப்பாணம் ரவுணில் இருந்து பருத்தித்துறைக்குப் போகும் மினிபஸ், அன்றைக்குக் கடைசி. அதை விட்டால் ஆட்டோதான், ஆட்டோக்காரர் கேட்கும் காசுக்கு அரைமாதச் சம்பளம் வேண்டும் (கூட்டிச் சொல்கிறேன், ஆனால் அதிகம் கூட்டவில்லை). கோப்பாய், நீர்வேலி தாண்டும்போது நிற்கிற சனம் குறைந்து எல்லாருக்கும் இடம் கிடைத்துவிட்டது. இடையில் ஓரிடத்தில் இரண்டு பெடியள் ஏறினார்கள். எந்த ஊர் என்று எழுத மாட்டேன். எழுதினால் அந்த ஊர்க்காரர் முழுப்பேரும் இந்தப் பதிலுக்குக் கீழே வந்து நிற்பார்கள்.

இருவரிலும் சாராய மணம். ஒருவன் கையில் உரப்பையால் சுற்றிய நீளமான ஒன்று. வாள்வெட்டுச் செய்தி பேப்பரில் அடிக்கடி வந்துகொண்டிருந்த காலம். பைக்குள் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. உண்மையில் அது மண்வெட்டிப் பிடியாகவும் இருந்திருக்கலாம். எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

ரியூசன் முடிந்து வந்த பெடியன் ஒருவன்தான் முதலில் அகப்பட்டான். “தம்பி, ஒருக்கா எழும்பும்” என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். எழும்பினான். “ஒரு பாட்டுப் படியும் பாப்பம்.” அவன் சிரித்துச் சமாளித்தான். “சிரிக்கச் சொல்லேல்லை, படியும்.” பஸ்ஸில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை. பகிடிதான், இது பெரிய விஷயமில்லை என்று தங்களுக்கே சொல்லிக்கொள்ளும் சிரிப்பு. அந்தப் பெடியன் தேவாரத்தில் இரண்டு வரி படித்தான். வாயில் வேறொன்றும் வரவில்லைப் போல.

அடுத்தது, ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர். “மாஸ்டர், உங்கடை கண்ணாடியை ஒருக்காத் தாங்கோ, எனக்கும் வடிவாயிருக்கோ எண்டு பாப்பம்.” அவரே கழற்றிக் கொடுத்தார். அதன் பிறகு அவர்கள் முன் இருக்கையில் இருந்த பிள்ளையின் பக்கம் திரும்பினார்கள். கடையொன்றில் வேலை முடிந்து வந்த பிள்ளையாக இருக்க வேண்டும், சாப்பாட்டுப் பெட்டிப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தது. “தங்கச்சி எங்கை இறக்கம்? நாங்களும் அங்கைதான்.”

அந்த நேரம் பஸ் ஆவரங்காலைத் தாண்டி வல்லை வெளிக்குள் இறங்கிவிட்டது. வடமராட்சிக்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: இரண்டு பக்கமும் வீடு வாசல் இல்லாத வெட்டவெளி, மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், காற்று மனிசனைத் தள்ளும், நடுவில் பாலம். அங்கே பஸ்ஸை மறித்து யாரும் இறங்க மாட்டார்கள். சண்டை தொடங்கினாலும் அந்தப் பெட்டிக்குள்தான், முடிந்தாலும் அதற்குள்தான். உங்கள் படத்தில் நிலையங்களில் ரயில் நின்றாலும் அந்த இரண்டு பேரும் கதவை மறித்துக்கொண்டு இறங்க விடுவதில்லை. எங்களுக்கு மறிப்பதற்கு ஆளே தேவைப்படவில்லை.

நான் என்ன செய்தேன் என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? ஒன்றும் செய்யவில்லை. மற்றவர்களும் செய்யவில்லை. கொண்டக்டர் பெடியன் மிதிபலகைக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். இதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. என் மடியில் மகளுக்கு வாங்கிய மருந்து இருந்தது, என் மூளை அந்த மருந்துப் பையைத்தான் கணக்குப் போட்டது. பக்கத்தில் இருந்தவருக்கு வேறொரு கணக்கு.

செய்தது ட்ரைவர். கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். வெளி முடியும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை, பாட்டை நிறுத்தவில்லை, வேகத்தையும் கூட்டவில்லை. நெல்லியடிக்குள் வந்ததும் ஒரு கொத்துரொட்டிக் கடையின் வாசலில், வெளிச்சத்துக்கு நேரே பஸ்ஸை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். “ரயர் காத்துப் போட்டுது, எல்லாரும் ஒருக்கா இறங்குங்கோ, கெதியா!” என்றார். ஒரு ரயரும் காற்றுப் போகவில்லை. எல்லாரும் இறங்கிவிட்டோம். அந்தப் பிள்ளையும்தான். வெறும் பஸ்ஸுக்குள் அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொத்துத் தட்டுகிற சத்தம், கடை வாசலில் ஆட்கள். கொஞ்ச நேரத்தில் தாங்களாகவே இறங்கி நடந்து போய்விட்டார்கள். கண்ணாடியை இருக்கையில் வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

அப்புறம் பார்க்க வேண்டும் எங்கள் வீரத்தை! இன்னும் ஒரு வார்த்தை கதைத்திருந்தால் அறைந்திருப்பேன் என்று நாலு பேர். கொண்டக்டர் ஏன் கேட்கவில்லை என்று இரண்டு பேர். மாஸ்டர் மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு பிளேன்ரீ குடித்தார்.

இந்தக் கதையைக் கேட்டதும் எங்கள் வயதுக்காரர் உடனே ஒரு விளக்கம் சொல்வார்கள், நானும் நெடுநாள் அதைத்தான் சொன்னேன். நாங்கள் சோதனைச்சாவடியில் வளர்ந்த ஆட்கள். பஸ்ஸால் இறக்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து வரிசையில் நடக்க வைத்த காலம். சுற்றிவளைப்பில், இராணுவத்துக்கு ஆள் காட்டும் முகமூடி போட்ட தலையாட்டிக்கு முன்னால் ஒவ்வொருவராக நிற்க வேண்டும், அவன் தலையசைத்தால் அந்த ஆள் அவ்வளவுதான். அப்படிப்பட்ட இடத்தில் முன்னால் நிற்பவனுக்காக யாராவது பேசினார்களா? கண்ணைத் தாழ்த்தி, கண்ணில் படாமல் இருக்கத்தான் அம்மாமார் சொல்லித் தந்தார்கள். ஆகவே எங்கள் சனத்தின் மௌனம் போர் தந்தது என்று நினைத்திருந்தேன்.

படம் பார்த்த பிறகு அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. அந்த ரயில் பெட்டிக்குள் இருந்தவர்களை எந்தத் தலையாட்டியின் முன்னாலும் யாரும் நிறுத்தவில்லையே. அவர்களும் அப்படியேதான் இருந்தார்கள், செருப்பைப் பார்த்தபடி. போரை மறைப்பாகப் பிடிக்கிறேன் என்று இனி யாரும் எனக்கு எழுதத் தேவையில்லை, நானே கீழே வைத்துவிட்டேன்.

இங்கே ஒருவர் ஆராய்ச்சியைத் தூக்கிக்கொண்டு வருவார் என்று தெரியும், அதையும் சொல்லிவிடுகிறேன். 1964 இல் நியூயோர்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொல்லப்பட்டபோது 38 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று பத்திரிகை எழுதியது. அது மிகைப்படுத்திய செய்தி என்று அதே பத்திரிகை 2016 இல் ஒப்புக்கொண்டது. அந்தச் சம்பவத்தின் பின் டார்லி, லடானே என்ற இருவர் செய்த சோதனை 1968 இல் வெளிவந்தது. பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதாகக் கேட்டால், தான் மட்டும்தான் கேட்கிறேன் என்று நினைத்தவர்களில் 85 வீதமானோர் உதவிக்கு ஓடினார்கள். இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் அது 31 வீதம். ஆனால் 2019 இல் அம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப்டவுன் நகரங்களின் கண்காணிப்புக் கமராப் பதிவுகளில் 219 தெருச் சண்டைகளைப் பார்த்தபோது, பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவர் தலையிட்டிருக்கிறார். இடையில் புகுந்தவர், சமாதானம் சொன்னவர், ஆளை விலக்கிக்கொண்டு போனவர் எல்லாரும் சேர்த்தி. அப்படிப் பார்த்தால் எங்கள் ட்ரைவரும் தலையிட்டவர்தான். ஒரு பொய் சொல்லித் தலையிட்டார், அவ்வளவுதான்.

இதை ரொறன்ரோவில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்குப் போனில் சொன்னேன். “உங்கடை சனத்துக்கு இப்ப முதுகெலும்பு இல்லை, நாங்கள் இருந்த காலத்திலை இப்பிடி நடந்திருக்குமோ” என்று அரைமணி நேரம் பாடம். அண்ணை, நீங்கள் இருந்த காலத்தில் ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் கதியால் (வேலிக்கு நடும் உயிர்க்கம்பு) எங்கள் காணிக்குள் நடந்து வந்தது, அப்போது ஒழுங்கை முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது, ஒருவரும் கேட்கவில்லை. அது இந்தக் கேள்விக்குச் சம்பந்தமில்லாத விஷயம். ஆனால் இன்னும் அந்தப் பூவரசு எங்கள் பக்கத்தில்தான் நிற்கிறது.

படத்தில் எழும்புகிறவன் யார் என்று பாருங்கள். கையில் மாவுக்கட்டுப் போட்ட கிராமத்துச் சிப்பாய், நடித்தவர் போ பிரிட்ஜஸ். அந்த நகரமும் அவனுக்குச் சொந்தமில்லை, பெட்டியில் இருப்பவர்களும் தெரிந்தவர்களில்லை. அந்த மாவுக்கட்டையே ஆயுதமாக்கி அடித்து, கத்திக்குத்தும் வாங்குகிறான். முழு உடம்போடு இருக்கும் அவனது நண்பன் எல்லாம் முடிந்த பிறகுதான் பக்கத்தில் வருகிறான். நீ எங்கே இருந்தாய் என்று குத்து வாங்கியவன் நண்பனிடம் கேட்கும் இடம் உங்களுக்குச் செயற்கையாகத் தெரிந்ததாம். அதற்குப் பிறகு பொலிஸ் உள்ளே வந்து, எதையும் விசாரிக்காமல் முதலில் அந்தக் கறுப்பின மனிதரைத்தான் பிடிக்கிறது. இந்த இடம் எனக்கு ஒரு துளியும் செயற்கையாகத் தெரியவில்லை. நெல்லியடியில் அன்றிரவு பொலிஸுக்கு அறிவிப்போமா என்று ஒருவர் கேட்டபோது, அந்த நாலு வீரர்களுமே முதலில் மறுத்தார்கள்: வாக்குமூலம் கொடுக்கப் போகிறவன்தான் நாளைக்கு அலைவான் என்று.

கருத்துப் பகுதியில் “நானென்றால் அறைந்திருப்பேன்” என்று எழுத வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த ரூட், எத்தனை மணி, பக்கத்தில் மனைவி பிள்ளை இருந்தார்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.